பதினேழாம் தலைக்கட்டு

வாக்காளர் விழிப்புணர்வு என்று தொப்பி போட்டுக்கொண்டு யாராவது எங்கள் சந்துக்குள் வந்தால் நான் கதவைச் சாத்திக்கொள்கிறேன். திமிர் பிடித்தவள் என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். போன தேர்தலுக்கு முன்னால் அதே தொப்பியைப் போட்டுக்கொண்டு இதே சந்தில் கதவு கதவாகத் தட்டியவள் நான்தான். அதை நினைத்தால் மற்றவர்கள் மேல் வருகிற அருவருப்பைவிட என் மேல் வருவதுதான் அதிகம்.

நான் பிறந்ததும் வளர்ந்ததும் வாழ்க்கைப்பட்டதும் தாராவியில்தான். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பட்டறை வேலைக்கு வந்தவர். எனக்கு வேலை மாட்டுங்காவில், ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில். பெயர்தான் ஜெராக்ஸ் கடை. பான் கார்டு, பாஸ்போர்ட், ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை என்று எந்த ஃபார்மானாலும் கம்ப்யூட்டரில் நிரப்பிக் கொடுப்போம். முதலாளி பாலக்காட்டு வம்சத்து மாமா. எழுபது வயதைத் தாண்டியும் ஒவ்வொரு ஃபார்மையும் ஒரு தரம் அவர் பார்த்த பிறகுதான் அனுப்ப விடுவார். அவரிடம் பத்து வருஷம் இருந்ததில், ஃபார்ம் நிரப்புவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்பில்தான் மண் விழுந்தது.

எல்லாம் சண்டாஸில் ஆரம்பித்தது. எங்கள் சந்துப் பெண்களுக்கு என்று இருக்கிற கக்கூசில் ஆறு கதவு. கதவு என்பது வாய்ப்பழக்கம். இரண்டுக்குத்தான் உண்மையில் கதவு இருந்தது. அதிலும் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே உட்கார்ந்திருப்பவள் ஒரு கையால் கதவை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். மழைக்காலத்தில் அங்கிருந்து வழிவது சந்து நெடுக ஓடி எங்கள் வாசற்படியை நனைத்துவிட்டுத்தான் போகும். எழுதும்போதே மூக்கைப் பொத்திக்கொள்ளத் தோன்றுகிறது. நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் சேர்ந்து ஒரு மனு எழுதி ஒரு கட்சி ஆபீசுக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்த ஆள் மனுவைப் பிரிக்கவே இல்லை. "துமாரி கல்லி மே லேடீஸ் வோட் கித்னா ஹை?" என்று கேட்டான், உங்கள் சந்தில் பெண்கள் வோட்டு எத்தனை என்று. வாக்காளர் பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பெண்கள் வோட்டு இருபதுகூடத் தேறவில்லையே, அதற்கு எதற்கு இத்தனை கூச்சல் என்று பக்கத்திலிருந்தவனைப் பார்த்துச் சிரித்தான். அவன் பல்லில் குட்கா கறை. அந்தச் சிரிப்பு இன்றைக்கும் என் கண்ணுக்குள் இருக்கிறது.

சரிடா, வோட்டுதானே வேண்டும், சந்தில் இருக்கிற அத்தனை பெண்களையும் பட்டியலில் ஏற்றிக் காட்டுகிறேன் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். அந்தச் சமயத்தில்தான் காலேஜ் பிள்ளைகள் கொஞ்சம் பேர் தொப்பியும் பனியனும் போட்டுக்கொண்டு சந்துக்குள் வந்து, வாக்குரிமை எவ்வளவு பெரிய விஷயம் என்று ஹிந்தியில் பாடம் நடத்தினார்கள். பட்டியலில் பெயர் ஏறாமல் தவித்துக்கொண்டிருந்தவர்களிடம் போய், வோட்டுப் போடாமல் வீட்டில் இருப்பது தப்பு என்றார்கள். எங்களோடு நின்று போட்டோ எடுத்தார்கள். எனக்கு ஒரு தொப்பியையும் ஒரு கட்டு ஃபார்மையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வெட்கங்கெட்டவள், அந்தத் தொப்பியை வீட்டுக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன்.

எங்கள் சந்துக்கு ஒரு சங்கம் உண்டு. ஊர்க்காரர்கள் சேர்ந்து வைத்தது. ஒரு சின்ன அம்மன் கோவில், அதற்கு மேலே ஒரு ரூம், ரூமில் ஒரு இரும்பு பீரோவும் மைக் செட்டும். பீரோவுக்குள் தலைக்கட்டு நோட்டு. கல்யாணமான ஆண் ஒருவன் ஒரு தலைக்கட்டு. கோவில் கொடைத் திருவிழாவுக்கு வரி பிரிப்பது, பொங்கல் கொடுப்பது, சண்டை வந்தால் கூப்பிட்டு விசாரிப்பது எல்லாம் அந்த நோட்டுப்படிதான். பெண்ணுக்குத் தனியாக அதில் பெயர் கிடையாது. புருஷன் செத்துப்போனால் அரை வரி. மகன் கல்யாணம் முடித்தால் அந்த இடத்தில் அவன் பெயர். புருஷன் விட்டுவிட்டுப் போனால் என்ன செய்வது என்று யாரும் யோசிக்கவில்லை. அவன் பெயர் அப்படியே கிடக்கும். சந்திலிருக்கிற சர்ச்சுக் குடும்பங்கள் இந்த நோட்டில் இல்லை. அவர்களுக்கு சர்ச்சில் வேறு நோட்டு. அங்கேயும் முதல் வரியில் ஆம்பளை பெயர்தான்.

என் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவள் பதினேழாம் தலைக்கட்டு. அதாவது அவள் புருஷன்தான் பதினேழு. அவள் பேக் தைக்கிற காரகானாவில் ஜிப் வைக்கிறவள். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய கறுப்புப் புள்ளிகள். பிள்ளை இல்லை. அதைச் சாக்காக வைத்து அவள் புருஷன் ஆறு வருஷத்துக்கு முன்பே ஆண்டாப் ஹில்லில் இன்னொருத்தியோடு குடும்பம் நடத்தப் போய்விட்டான். அந்த இன்னொருத்தியை எங்கள் சந்தில் யாரும் பார்த்ததில்லை, பெயரும் தெரியாது. ஆண்டாப் ஹில்காரி என்றுதான் சொல்வோம். ஆனால் கொடை அன்றைக்கு மட்டும் அவன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து பதினேழாம் தலைக்கட்டுக்கான பொங்கலை வாங்கிக்கொண்டு போய்விடுவான்.

"வரி நான் கெட்டுதேன், பொங்கல் அவன் தூக்கிட்டுப் போறான். நல்லாருக்குல்லா யக்கா?" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பாள். அவள் சிரிப்பாள், எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அவளுக்கு ஒரு பயம் இருந்தது. எங்கள் பகுதியை இடித்துவிட்டுக் கட்டடம் கட்டப்போவதாகவும், அதற்கு வீடு வீடாக சர்வே எடுக்க வருவதாகவும் பேச்சு. யார் பெயரும் இந்த விலாசமும் சேர்ந்து ஒரு காகிதத்தில் இருக்கிறதோ அவர்களைத்தான் எழுதுவார்கள் என்று சந்து முழுக்கச் சொன்னார்கள். ரூம் அவன் பெயரில், ரேஷன் கார்டு அவன் பெயரில். அவளுடைய ஆதார் ஊரில் அவள் அப்பா வீட்டு விலாசத்தில், தங்கச்சி கல்யாணத்துக்குப் போனபோது எடுத்தது. பதினெட்டு வருஷமாக பம்பாயில் இருக்கிறாள் என்பதற்கு அவள் பெயரில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

நான் ஃபார்மோடு போனபோது அவள் உட்காரக்கூட இல்லை.

"யக்கா, வோட்டு யாருக்கு வேணும்னாலும் போடுதேன். இந்த ரூம் நம்பரைப் போட்டு என் பேருல ஒரு கார்டு மட்டும் வாங்கிக் குடுத்துருங்க."

"வந்துரும் புள்ள."

"நிச்சயமா வந்துருமா?"

"ஃபார்ம் நிரப்பி நிரப்பியே வயித்தைக் கழுவுதவ சொல்லுதேன், வந்துரும்" என்றேன். அவளைச் சுவரோரம் நிற்கவைத்து என் போனிலேயே போட்டோ எடுத்தேன். முதலில் எடுத்ததில் கண் மூடிவிட்டாள். இரண்டாவது நன்றாக வந்தது.

சங்கத்துச் செயலாளர் அண்ணாச்சி மொபைல் கடை வைத்திருப்பவர். நெற்றி நிறைய விபூதி, பேச்சில் தேன். நான் வீடு வீடாக அலைவதைப் பார்த்துவிட்டு ஒருநாள் கூப்பிட்டார்.

"ஏம்மா தங்கச்சி, வேலைக்கும் போயிட்டு எதுக்கு இப்படி நாயா அலையுத? நம்ம தலைக்கட்டு நோட்டு இருக்குல்லா? பேரு, ரூம் நம்பரு, போன் நம்பரு எல்லாம் அதுல இருக்கு. ஒவ்வொரு வீட்டுலயும் புதுசா யார் யாரைச் சேக்கணும்னு நான் சீட்டு எழுதி அந்தந்தப் பக்கத்துல குத்தி வைக்கேன். போட்டோவும் வாங்கி வைக்கேன். நீ பாத்து நிரப்பு. அம்புட்டுத்தான்."

எனக்கு அது பெரிய புத்திசாலித்தனமாகப் பட்டது. நோட்டை மாட்டுங்காவுக்குக் கொண்டுபோய் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நிரப்ப ஆரம்பித்தேன். போன் நம்பர் என்ற இடத்தில் தலைக்கட்டுக்காரனின் நம்பர். கணவர் அல்லது தகப்பனார் என்ற இடத்தில் தலைக்கட்டுக்காரன் பெயர். தபால் வருவதற்குச் சங்கத்து ரூம், ஏனென்றால் தபால்காரர் எங்கள் சந்துக்குள் நுழைவதில்லை, எல்லாக் கடிதத்தையும் அங்கேதான் போட்டுவிட்டுப் போவார். விலாசத்துக்குச் சான்றாகச் சங்கத்து லெட்டர்பேடில் அண்ணாச்சி கையெழுத்து. கை பறந்தது. ஒரு நாளைக்குப் பத்து வீடு முடித்தேன்.

மாமா ஒருநாள் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

"என்ன இது, அத்தனை பொம்மனாட்டிக்கும் ஆத்துக்காரன் நம்பரா? நாளைக்கு ஓடிபி வந்தா அவா கிட்டப் போய் நிக்கணுமே?"

"எங்க சந்துல அப்படித்தான் மாமா" என்றேன்.

"அப்படின்னா சரி, உங்க ஊர் வழக்கம்" என்று அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

பதினேழாம் பக்கத்தில் அண்ணாச்சி குத்தியிருந்த சீட்டில் இரண்டு பெண் பெயர்கள் இருந்தன. ஒன்று என் பக்கத்து வீட்டுக்காரி. இன்னொன்று எனக்குத் தெரியாத பெயர், கூடவே ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. ஊரிலிருந்து வந்திருக்கிற நாத்தனார் யாராவது இருக்கும் என்று நினைத்தேனா, அல்லது ஒன்றுமே நினைக்கவில்லையா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. இரண்டு பேருக்கும் அதே ஆண் பெயரைப் போட்டு, அதே ரூம் நம்பரைப் போட்டு, அதே போன் நம்பரைப் போட்டு அனுப்பினேன். என் டிபன் பாக்ஸில் தயிர்சாதம் காய்ந்துகொண்டிருந்தது. அதுதான் அப்போது என் கவலை.

கார்டுகள் வந்தன. நேராகச் சங்கத்து பீரோவுக்குள் போயின. பெண்கள் கேட்டால், பொறுங்க பொறுங்க என்றார் அண்ணாச்சி. சும்மா கையில் கொடுத்தால் அதற்கு மதிப்பிருக்காதாம். அந்தத் தடவை தேர்தலில் நிற்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு கட்சிக்காரரை வரவழைத்து, மேடை போட்டு, அவர் கையால் கொடுக்க வேண்டுமாம். மூன்று வாரம் அந்த பீரோவைப் பூட்டி வைத்திருந்தார். ஒருநாள் படியேறிப் போகும்போது அவர் போனில் பேசுவது காதில் விழுந்தது. "சாப், சப் வோட் மேரே கபாட் மே ஹை" என்று சொல்லிக் கடகடவென்று சிரித்தார். வோட்டெல்லாம் என் பீரோவில் இருக்கிறது! சந்தை மாட்டுக்காரன்கூட மாட்டைப் பற்றி அதைவிட மரியாதையாகப் பேசுவான். அதைக் கேட்ட பிறகாவது நான் கார்டுகளை வாங்கிக் கதவு கதவாகக் கொடுத்திருக்க வேண்டும். செய்யவில்லை. மைக்கில் பெயர் வாசிக்க என்னைத்தான் கூப்பிட்டிருந்தார்கள்.

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம். கட்சிக்காரர் வருவதற்கு இரண்டு நாளைக்கு முன்னால் சண்டாஸ் வாசலில் மட்டும் நீல நிற டைல்ஸ் ஒட்டி, மேலே அவர் கும்பிடுகிற படத்தைக் கட்டிவிட்டார்கள். உள்ளே எல்லாம் பழையபடியேதான். தாழ்ப்பாள் கூடப் போடவில்லை. அந்த ஆள் சந்துக்குள் வரும்போது கர்ச்சீப்பை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை. தன் படத்துக்குக் கீழே நின்று போட்டோ எடுக்க மட்டும் எடுத்தார். காலேஜ் பிள்ளைகள் வீடியோ பிடித்தார்கள். ஆண்களுக்கு நாற்காலி போட்டிருந்தது. பெண்கள் பின்னால் சுவரோரமாக நின்றார்கள். நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அண்ணாச்சி தலைக்கட்டு நோட்டை என் முன்னால் விரித்து வைத்தார். ஒன்றாம் தலைக்கட்டு, பெயரை வாசித்தேன். ஒரு ஆள் ஏறி வந்து கட்சிக்காரருக்குக் கும்பிடு போட்டுவிட்டு, தன் பெண்டாட்டி கார்டு, மகள் கார்டு, மருமகள் கார்டு எல்லாவற்றையும் ரப்பர் பேண்டோடு வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினான். இரண்டாம் தலைக்கட்டு. மூன்றாம் தலைக்கட்டு. ஐந்தாறு பேர் ஆன பிறகுதான், மேடைக்கு ஒரு பெண்கூட ஏறவில்லை என்பது எனக்கு உறைத்தது. பெண்கள் வோட்டுக்காக நான் ஆரம்பித்த வேலை! ஆனாலும் வாசித்துக்கொண்டே போனேன்.

பதினேழு வந்தது. அவள் காரகானாவில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்து மேடைக்குக் கீழேயே நின்றுகொண்டிருந்தாள். நான் நோட்டில் இருந்த அவள் புருஷன் பெயரை வாசித்தேன். அவன்தான் இல்லையே, இவள் ஏறி வாங்கிக்கொள்வாள் என்று நினைத்தேன். கடைசி வரிசை நாற்காலியிலிருந்து அவன் எழுந்தான். அதே வெள்ளைச் சட்டை. நேராக ஏறி வந்தான். கட்சிக்காரர் அவன் கையில் இரண்டு கார்டு கொடுத்தார்.

"யக்கா, என் கார்டு" என்றாள் அவள் கீழேயிருந்து. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

அண்ணாச்சி மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "வாசிம்மா, அடுத்ததை வாசி. பெரிய மனுசன் உக்காந்துருக்காவ" என்றார்.

நான் அவளைப் பார்த்தேன். அவளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நோட்டைக் குனிந்து பார்த்துப் பதினெட்டாம் தலைக்கட்டை வாசித்தேன்.

விழா முடிந்து நான் புடவைகூட மாற்றவில்லை, அவள் என் வாசலுக்கு வந்துவிட்டாள். அழவில்லை, சண்டையும் போடவில்லை.

"ரெண்டு கார்டு வாங்கிட்டுப் போறான். ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு யாருக்கு யக்கா?"

அப்போதுதான் அந்தத் தெரியாத பெயர் ஞாபகம் வந்தது. பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஞாபகம் வந்தது. ஆண்டாப் ஹில்காரியை இவளுடைய ரூமுக்கே பெண்டாட்டியாக எழுதிக் கொடுத்தது என் கைதான். சொல்லிவிட்டேன். மறைக்க முடியவில்லை. அவள் படியிலிருந்து இறங்கினாள். பிறகு, "என் கார்டையாவது வாங்கிக் குடுங்க யக்கா" என்று சொல்லிவிட்டுத் தன் ரூமுக்குள் போனாள்.

மறுநாள் காலையில் அண்ணாச்சியின் கடைக்குப் போய்க் கத்தினேன். அவர் ஒரு போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டே பதில் சொன்னார்.

"புருசன் பொண்டாட்டி விசயத்துல சங்கம் தலையிடாதும்மா."

"கார்டை அவன் கையில குடுத்தது சங்கம்தான அண்ணாச்சி? அந்த ஆண்டாப் ஹில்காரிக்கு லெட்டர் குடுத்தது யாரு?"

"நோட்டுப்படி குடுத்தேன். அவன் இன்னைக்கு வரைக்கும் வரி பாக்கி வச்சதில்ல. வரியைக் கெட்டுதது அவளா, அவனான்னு நோட்டுல இல்ல. பின்ன, ஃபார்ம் நிரப்புனது நீ, பேரை வாசிச்சது நீ. என்கிட்ட வந்து தொண்டையைக் கிழிச்சா?"

தூ என்று துப்ப வேண்டும் போலிருந்தது. துப்பினால் பாதி என் மேலேயே விழும் என்பதும் தெரிந்தது.

வியாழக்கிழமை எங்கள் சந்துக்கு சர்வே என்று தகவல் வந்தது. நான் அவளை மாட்டுங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கார்டு கையில் இல்லாவிட்டால் என்ன, கம்ப்யூட்டரில் இறக்கிக் கொடுத்துவிடலாம் என்று தைரியம் சொன்னேன். அவளுடைய நம்பரைத் தேடிப் பிடித்தேன். திரையில் அவள் போட்டோ வந்தது, நான் எடுத்த போட்டோ. "நான்தான்" என்று சின்னதாகச் சொன்னாள். இறக்குவதற்கு ஓடிபி கேட்டது. அது எந்த போனுக்குப் போகும் என்பது அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. மாமா அன்றைக்குச் சொன்னது காதில் கேட்டது.

வேறு வழியில்லாமல் அவனுக்கு போன் போட்டேன்.

"வந்துருக்கு, வந்துருக்கு" என்றான். குரலிலேயே இளிப்பு. "நம்பரைச் சொல்லுதேன். அதுக்கு முன்னால ரூமுல தனக்கு ஒரு பாத்தியதையும் இல்லன்னு அவளை ஒரு பேப்பருல கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்க. நான் வந்து வாங்கிக்கிடுதேன்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. அவள் கையை நீட்டி அவளே அதைத் துண்டித்தாள்.

மாமா வேறு ஃபார்ம் எடுத்து போன் நம்பர் மாற்ற எழுதிக் கொடுத்தார். பதினைந்து இருபது நாளாவது ஆகும் என்றார். சர்வேக்கு மூன்று நாள்தான் இருந்தது. "அன்னிக்கே கேட்டேனேம்மா" என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

வியாழக்கிழமை காலை அவன் அந்த ஆண்டாப் ஹில்காரியோடு வந்து இறங்கினான். ஆறு வருஷமாக எட்டிப் பார்க்காத ரூமில், என் பக்கத்து வீட்டுக்காரி விரித்த பாயில், இரண்டு பேரும் உட்கார்ந்துகொண்டார்கள். சர்வேக்காரர்கள் வந்ததும் ரூம் காகிதம், ரேஷன் கார்டு, தன் பழைய வாக்காளர் அட்டை, கூட வந்தவளின் புது அட்டை என்று வரிசையாக எடுத்து வைத்தான். மூன்றாவது அட்டை அவன் சட்டைப்பைக்குள் இருந்தது. மேல் ஓரம் வெளியே தெரிந்தது. என் பக்கத்து வீட்டுக்காரி தன் ஆதாரை நீட்டினாள். "யே தோ காவ் கா ஹை" என்று ஊர் விலாசத்தைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நான் அன்றைக்கு லீவு போட்டிருந்தேன். அவர்கள் முகத்துக்கு நேரே கத்தினேன். இத்தனை வருஷமாக இங்கே இருப்பவள் இவள்தான், அந்தப் பாத்திரங்களைப் பாருங்கள், அந்தத் துணிகளைப் பாருங்கள் என்றேன். "மேடம், பேப்பர் திகாவ்" என்றான் ஒருவன், காகிதத்தைக் காட்டு என்று. பாத்திரத்துக்கும் துணிக்கும் அவர்களிடம் கட்டம் இல்லை. அண்ணாச்சி சங்கத்துக் கடிதத்தோடு வந்து நின்றார். அந்தக் கடிதத்தில் பெண்டாட்டி என்று இருந்தது இன்னொருத்தி பெயர். கதவில் சிவப்புப் பெயிண்டால் ஒரு நம்பர் எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்கு வந்தார்கள். அது என் வீடு. என் காகிதங்கள் எல்லாம் சரியாக இருந்தன.

ஒரு மாதத்துக்குள் அவன் பூட்டை மாற்றிவிட்டான். செம்பூர் பக்கம், திலக் நகரில் ஒரு மாடி அறையில் மூன்று பெண்கள் தங்குகிற இடத்தில் நான்காவதாக இவளுக்கு ஒரு மூலை கிடைத்தது. சாமான் தூக்க நானும் கூடப் போனேன். ஒரு ட்ரங்குப் பெட்டி, ஒரு ஸ்டவ், இரண்டு கட்டைப்பை. பதினெட்டு வருஷம் அவ்வளவுதான் இருந்தது.

மழை வந்தது. சண்டாஸ் வாசலில் ஒட்டிய டைல்ஸ் ஒவ்வொன்றாக விழுந்தது. கட்சிக்காரர் படம் மட்டும் கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தது. பிறகு தேர்தல் வந்தது.

அவள் வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. செம்பூரிலிருந்து பஸ் பிடித்து, காலை எட்டு மணிக்கே எங்கள் பூத் இருக்கிற பள்ளிக்கூடத்து வாசலில் நின்றாள். பட்டியலில் அவள் பெயர் இன்னும் இந்த ரூம் நம்பரில்தான் இருந்தது. அந்த ஒரு இடத்தில்தான் இருந்தது. வரிசையில் அவளுக்குப் பின்னால் நான். இரண்டு பேரும் வெயிலைப் பற்றியும் அவள் காரகானாவுக்கு இப்போது எந்த பஸ்ஸில் போகிறாள் என்பதைப் பற்றியும் பேசிக்கொண்டோம்.

உள்ளே போனதும் அதிகாரி அவள் பெயரைச் சத்தமாக வாசித்தார். கட்சி ஏஜெண்டாக உட்கார்ந்திருந்தவன் அண்ணாச்சியின் மைத்துனன். அவன் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

"யே இதர் நஹீ ரஹ்தி, சாப். ஷிஃப்ட் ஹோ கயி" என்றான். இவள் இங்கே இல்லை, போய்விட்டாள்.

அதிகாரி அவள் ஆதாரை வாங்கிப் பார்த்தார். திருநெல்வேலி விலாசம். எங்கே இருக்கிறாய் என்று கேட்டார். அவளுக்கு ஹிந்தி நன்றாகவே வரும். எந்த விலாசத்தைச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

"இதர் ஹீ ரஹ்தி ஹை!" என்று நான் பின்னாலிருந்து போட்ட சத்தத்தில் வரிசை முழுக்கத் திரும்பியது. "மேரே பாஜூ மே. ஹம் தோனோ கா தீவார் ஏக் ஹை. லிஸ்ட் மே ஃபோட்டோ தேகோ!" இங்கேதான் இருக்கிறாள், என் பக்கத்து வீடு, இரண்டு பேருக்கும் ஒரே சுவர். பிறகு அந்த மைத்துனனைப் பார்த்துத் தமிழில், "ஏல, இவ போட்ட வரியில பொங்கல் தின்னவன்தானல நீ? சொல்லு பாப்போம் இவ இங்க இல்லன்னு" என்றேன். அவன் குனிந்து பேப்பரைப் பார்த்துக்கொண்டான். அதிகாரி பட்டியலிலிருந்த போட்டோவையும் அவள் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, சரி என்று கையெழுத்து வாங்கினார். அவள் விரலில் மை வைத்தார்கள். ஊசி குத்திய புள்ளிகளுக்கு மேலே அந்த மைக்கோடு.

நான் வோட்டைப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும். அவள் கேட்டுக்குப் பக்கத்தில் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். நான் பக்கத்தில் போய் அவள் கையைப் பிடித்தேன். அவள் கையை உருவிக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு, கோபமே இல்லாத குரலில்தான் கேட்டாள்.

"அன்னைக்கு மைக்கு உங்க கையிலதான இருந்துச்சு, யக்கா?"